மூச்சு விடாமல் ஓர் ஆங்கிலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்று பார்க்க ஒரே அளவுகோல்தான் இருந்தது: வேகம். நடுவில் நிறுத்தினால் தெரியாது என்று அர்த்தம். நிறுத்தாமல் பேசினால் கலெக்டர்.

நான் சேலத்தில் பி.காம். முடித்துவிட்டு வங்கி அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கட்டுரை எழுத வேண்டும். அதில் தேறினால் நேர்முகத்தில் பேசவும் வேண்டும். அதற்காகக் கிராமங்களுக்கு வங்கி வந்ததைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதி, தினமும் காலையில் சத்தமாகச் சொல்லிப் பழகுவேன். அப்பாவுக்கு அது கச்சேரி. மஞ்சள் வியாபாரி வந்தாலும் பால்காரர் வந்தாலும், "சாமி, இவங்களுக்குக் கொஞ்சம் பேசிக் காட்டு" என்று மகளைச் செல்லமாக ஏவுவார். நான் மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். "என்ன ஸ்பீடுங்க!" என்று வாயைப் பிளப்பார்கள். ஒருமுறை பாதியில் மறந்துபோய், கல்லூரியில் உருப்போட்ட கம்பெனிச் சட்டத்தை நடுவில் செருகி ஒப்பேற்றினேன். அன்றைக்குத்தான் பாராட்டு அதிகம்.

வேலைக்கு அனுப்பத்தான் அப்பா என்னைப் படிக்க விட்டார் என்று நினைத்தால் அவரை உங்களுக்குத் தெரியாது. பேங்க் பரீச்சை எழுதுகிற பெண் என்றால் நல்ல இடம் வரும். இடம் அமைந்துவிட்டால் பரீச்சை எதற்கு? ஹால் டிக்கெட் வந்த வாரமே அமைந்துவிடும் போலிருந்தது. திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்க்கிணறு தோண்டுகிற குடும்பம். வெளிமாநிலத்திலிருந்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத ஆங்கிலம் தெரிந்த மருமகள் வேண்டுமாம். சம்பளமில்லாத குமாஸ்தா வேண்டும் என்று நேராகச் சொல்லக் கூச்சம்.

ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் தேர்வு. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பிடித்துப்போனால் அன்றே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு. மாற்றிக்கொண்டால் நான் சேலத்துக்குப் பஸ் ஏற முடியாது. என் கையில் சொந்தமாக ஒரு வேலை இருக்க வேண்டும் என்று அப்போது நான் ஆசைப்பட்ட மாதிரி எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ரிக்கோடு ஆந்திராவெல்லாம் சுற்றியவர். அதனால் அந்த வீட்டின் ஆங்கிலப் புலவர் அவர்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா. "ஏனுங்க, புள்ள பேசறதக் கேக்கலாமுங்களா?" என்றார். அப்பாவுக்கு முகம் பூரித்துவிட்டது. "உடு சாமி" என்றார், காளையை அவிழ்த்துவிடுவதுபோல.

ஆரம்பித்தேன். மாமன் கண்ணை மூடி, "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். உள்ளே அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. இதே வேகத்தில் முடித்தால் நான் முடிந்தேன் என்று தெரிந்துவிட்டது. சட்டென்று நிறுத்தினேன். அவரையே பார்த்து, நிதானமாக, ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன்: உங்கள் ஊருக்கு வங்கி வந்ததில் யாருக்கு லாபம், ஐயா?

"யெஸ்" என்றார்.

இன்னும் மெதுவாக மறுபடி கேட்டேன். காலி டம்ளரைத் தூக்கி இல்லாத காபியைக் குடித்தார். மாப்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டார். அதைத்தான் மாமனால் தாங்க முடியவில்லை. "போயிச் சொல்லி உடறோமுங்க" என்று எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

மறுநாள் தரகர் வந்து, பெண் பெரியவர்களையே கேள்வி கேட்கிறதாம், வேண்டாம் என்கிறார்கள் என்றார். ஞாயிறு காலையில் அப்பா, "போ, அந்தப் பரீச்சையாச்சும் எழுதித் தொல. அதையுஞ் சொல்லிக்க முடியலீன்னா எவன் வந்து பொண்ணு கேப்பான்?" என்றார். போனேன், எழுதினேன், தேறினேன். நேர்முகத்தில் நான் நிதானமாகப் பேசுவதாகச் சொன்னார்கள்.

வேலை உத்தரவு வந்த வாரம் அதே தரகர் அதே இடத்தைக் கொண்டுவந்தார். "மாமனுக்குக் கோவமெல்லாம் போயிருச்சுங்க. ரெண்டாவது ரிக்குக்கு லோன் போடோணுமாமுங்க. பொண்ணு பேங்க்குல இருந்தா சௌகரியந்தானுங்களே" என்றார், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ என்ன சாமி சொல்ற?" என்றார்.

அந்த வீட்டில் அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. "வேண்டாமுங்கப்பா" என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.