வேண்டாம் என்று சொல்ல முடியாத வீடு

எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், ஒரு நாய் இருந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். அடுத்த வரிசையில் குடியிருக்கும் பெரியவருக்கும் அதே பெயர், அவருக்கு ஏற்கெனவே என்மேல் வருத்தம். நாய் என் மனைவியுடையது. வீடும் அவளுடையதுதான். தேயிலைக் காட்டில் நிரந்தர வேலைக்காரி அவள். எஸ்டேட் அவள் பெயரில் கொடுத்த வீட்டில் நாய் காவலுக்கும் நான் சாப்பாட்டுக்கும் இருந்தோம். இரண்டு பேரில் யாரால் அதிகப் பிரயோஜனம் என்று ஏலப்பாறை ஜீப் ஸ்டாண்டில் கேட்டுப் பாருங்கள், சிரிக்காமல் பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

ஜீப் ஓட்டுவது என் பிழைப்பு. மலை பார்க்க வருகிறவர்களை மேலே கொண்டுபோய், பனி இல்லாத நாளில் "இப்ப வந்துரும் சார்" என்று சொல்லி நிறுத்திவைப்பேன். நாயின் தொழில் இதற்கு நேர் எதிர். வருகிறவர்களை அது விரட்டும். காரையும் பஸ்ஸையும் கண்டுகொள்ளாது. மோட்டார் சைக்கிள் என்றால் மட்டும், அதிலும் மலையே அதிரச் சத்தம் போடுகிற சைக்கிள் என்றால், வளைவு வரைக்கும் கூடவே குரைத்துக்கொண்டு ஓடிவிட்டுத் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். யாரையும் கடித்ததில்லை.

ஒரு நாள் அந்த வளைவில் ஒருவன் மோட்டார் சைக்கிளோடு தேயிலைச் செடிக்குள் விழுந்தான். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அவன் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது. விழுந்தவனைவிட வீடியோ வேகமாக ஓடி எஸ்டேட் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. நாயை அடக்கு, இல்லையென்றால் அப்புறப்படுத்து, இரண்டும் முடியாவிட்டால் வீட்டைக் காலி பண்ணு என்று என் மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். மழை முடியும்வரை தவணை கொடுத்தார்கள். அவள் வந்து, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல், நாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

முதலில் மிருகாஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனாள். அங்கே இருந்த டாக்டரம்மா அடிக்கவோ அதட்டவோ கூடாது என்றார். வண்டிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே பிடித்தமான தீனியைக் கொடுத்துப் பழக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அவளுக்கு அது பிடித்துப்போனது. கருவாடு வாங்கி வைத்தாள். சைக்கிள் சத்தம் கேட்டால் நாய் அடுப்படிக்கு ஓடிவரத் தொடங்கியது. ஆனால் பகல் முழுக்க அவள் காட்டில் இருந்தாள். வீட்டிலிருந்து கருவாடு கொடுக்க வேண்டிய உத்தியோகஸ்தனான நான் ஸ்டாண்டில் இருந்தேன். நாய் பாதி நாள் அடுப்படிக்கும் பாதி நாள் வளைவுக்கும் ஓடியது.

ஸ்டாண்டில் இதைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்தது. கழுத்தில் கட்டுகிற கரண்டு பெல்ட் இருக்கிறது, ரிமோட்டை அமுக்கினால் போதும் என்றான் ஒருவன். வெளிநாட்டில் சில இடங்களில் அதைத் தடை பண்ணியிருக்கிறார்கள் என்று இன்னொருவன் போனைப் பார்த்துச் சொன்னான். பன்றிக்குக் கரண்டு வேலி வைக்கிறோம், ஆனைக்கு வைக்கிறோம், நாய் மட்டும் என்ன மந்திரி மகனா என்றான் மூன்றாமவன். இப்படியாக நீதி கிடைத்தது. சவாரி இல்லாத மத்தியான வேளையில் ஜீப் ஸ்டாண்டில் கிடைக்காத நீதி கிடையாது.

நான் கூப்பிட்டதில் நாய்ப் பயிற்சிக்காரர் ஒருவர் அந்தப் பெல்ட்டோடு கீழேயிருந்து வந்தார். மலையாளி, நல்ல மனுஷன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெல்ட்டை முதலில் தன் மணிக்கட்டில் கட்டி அமுக்கிக் காட்டினார். "சேட்டா, இது அடி அல்ல. ஒரு விளி. இங்கோட்டு நோக்குன்னு கழுத்துல ஒரு விளி, அத்ரதான்" என்றார். இங்கே பார் என்று கூப்பிடுவது மாதிரியாம். எனக்கும் வீரம் வந்தது. பெல்ட்டை வாங்கி என் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரிமோட்டை மனைவியிடம் கொடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வசதி இல்லாமல் போனதே என்பதுபோல அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அமுக்கினாள். நான் போட்ட சத்தத்தில் அடுத்த வரிசைப் பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஏன் வலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். கழட்டுன்னா கழட்டிருவேன். அதுக்கு என்ன தெரியும்?"

பதில் சொல்லத் தெரியாத இடத்தில் நான் வழக்கமாக ஜோக் அடிப்பேன். அன்றும் அடித்தேன். அவளும் வழக்கம்போல எழுந்து உள்ளே போனாள். மழை குறைந்துகொண்டு வந்தது. இரண்டு நாள் கழித்து, உங்கள் இஷ்டம் என்றாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை, ஆனால் நான் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

பழக்குவதற்கு ஒரு சொல் வேண்டும். சொல்லைச் சொல்லி, நாய் கேட்காவிட்டால் ரிமோட்டை அமுக்க வேண்டும். பிறகு சொல் மட்டும் போதும். பங்களா நாய்களுக்கு இங்கிலீஷில் 'நோ' என்று வைப்பாராம். லயத்துக்கு எதற்கு இங்கிலீஷ், நம்முடைய வாக்கே இருக்கட்டும் என்று அவர் 'வேண்டா' என்று வைத்தார். எனக்கும் சரியாகப்பட்டது. அவர்கள் 'வேண்டா', நாம் 'வேண்டாம்', ஒரு மெய்யெழுத்துதானே வித்தியாசம் என்று இரண்டு மொழியும் தெரிந்தவன் கர்வத்தோடு சொன்னேன். மலையாளி வீட்டில் நாயைப் பார்த்து 'வேண்டா' என்று அதட்டுவார்கள். நாங்கள் நாயிடம் 'சீ' என்போம், 'சும்மா கெட' என்போம். 'வேண்டாம்' என்பதை மனுஷரிடம்தான் சொல்வோம், அதுவும் நாள் முழுக்கச் சொல்வோம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பயிற்சியில் எனக்கும் ஒரு வேடம் கிடைத்தது. இரவல் கோட்டும் ஹெல்மெட்டுமாக, இரவல் மோட்டார் சைக்கிளில் வளைவைச் சுற்றிச் சுற்றி வந்தேன். டூரிஸ்ட் நான்தான். முதலில் நாய் துரத்தியது, கத்தியது, உருண்டது. அப்புறம் 'வேண்டா' என்றதும் நின்றது. பிறகு சைக்கிள் போனாலும் தலையைத் தூக்காமல் கிடந்தது. ஆபீஸ்காரர்கள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டார்கள். நான் ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டில்தான் கோளாறு. சோறு போட வந்தவளிடம் நான் போதும் என்று சொல்லாமல் 'வேண்டாம்' என்று கையை நீட்டினேன். நாய் கட்டிலுக்கு அடியில் போனது. பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். இவள் காப்பி போடட்டுமா என்றாள். எங்களில் யார் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் மறுக்க வேண்டும். கேட்டவுடன் சரி என்றால் காப்பிக்காக வந்ததாகப் போய்விடும். அவளும் மரியாதைக்கு 'வேண்டாம் வேண்டாம்' என்றாள். நாய் இருந்த இடத்திலேயே மூத்திரம் பெய்துவிட்டது. பெல்ட்டில் அப்போது சார்ஜே கிடையாது.

அதன்பிறகு என் மனைவி அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். போதும் என்பாள், பிறகு பார்க்கலாம் என்பாள், கையை ஆட்டுவாள். நானும் விட்டேன். பத்தியம் இருப்பதுபோல வீடே ஒரு சொல் இல்லாமல் இருந்தது. வருகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? என் வீட்டில் மரியாதையாக மறுக்காதீர்கள், கொடுத்ததைக் குடியுங்கள் என்றா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உபதேசியார் வந்தார். மறுப்பதில் எங்கள் சபையிலேயே அவரை மிஞ்ச ஆள் இல்லை. மனைவி பலகாரத்தட்டை நீட்டினாள். அவர் ஒரு கையால் தட்டைத் தள்ளி, மறு கையால் காலடியில் கிடந்த நாயைத் தடவிக்கொண்டே, "வேண்டாம்மா, வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன், வேண்டாம்" என்றார். எவனையும் கடித்திராத நாய் அந்தக் கையைக் கடித்தது. கையைத் துணியால் சுற்றி நான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போகும்போது, நாயைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஊசி போட்டார்கள். செய்தி ஆபீஸுக்குப் போனது. இந்த முறை தவணை இல்லை.

பள்ளிவாசல் எஸ்டேட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று மனைவி பேசி வைத்தாள். அக்காவும் சம்மதித்தார். அதற்குள் பயிற்சிக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். தப்பு பெல்ட்டில் இல்லை, வீட்டில் பேச்சு அதிகம் என்றார். அதுவும் பொய்யில்லை. நாயைத் தானே வைத்துக்கொள்வதாகவும், புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிய நாயாகக் காட்டலாம் என்றும் சொன்னார். என்ன ஆனாலும் அவரிடம் கொடுக்க மாட்டேன் என்று மனைவி என்னிடம் முந்தியே சொல்லியிருந்தாள். அதனால் அவள் சொல்லட்டும் என்று நான் நின்றேன்.

நாய் அவள் பாதத்தில் தாடையை வைத்துக் கிடந்தது.

"சேச்சி, நான் கொண்டுபோகட்டா? வேணுமா வேண்டாவா, ஒண்ணு பறயணும்" என்றார் அவர்.

கேள்வியிலேயே சொல் இருந்தது. நாய் நடுங்கத் தொடங்கியது. அவள் வாயைத் திறந்தாள், குனிந்து அதைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். நானும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஸ்டாண்டில் ஒரு நிமிஷம் வாய் ஓயாதவன், அன்றைக்கு மட்டும் அடக்கமாக நின்றேன். அவர் சரியென்று எடுத்துக்கொண்டு கயிற்றை மாட்டினார்.

வண்டி போனபிறகு, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அது கேட்டுக்கிட்டுல்ல கெடந்துச்சு" என்றாள்.

திரும்பக் கொண்டுவரலாம் என்று பிறகு பயிற்சிக்காரருக்குப் போன் செய்தேன். அங்கே நன்றாக இருக்கிறது, கேட்கிற பிள்ளையாக இருக்கிறது, மாற்றினால் மறுபடி கெட்டுவிடும் என்றார். சமாதானத்துக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ரோட்டோரத்தில் நாய் நிற்கிறது, மோட்டார் சைக்கிள் வருகிறது, அவர் அந்தச் சொல்லைச் சொல்கிறார், நாய் உட்காருகிறது. வேலை முடிந்து வந்ததும் மனைவி என் போனை வாங்கி அதைப் பார்ப்பாள். சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பாள். அப்போதும் அது உட்கார்ந்துவிடுகிறது.