மாமியாருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாய்

என் மாமியார் இமோஜின் டூ எல்க் இருபத்திரண்டு வருடங்களாக என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் அவரிடம் பேசியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. சண்டை எதுவும் கிடையாது. அமெரிக்கப் பூர்வகுடிகளான எங்கள் லக்கோட்டா சனத்தில் மருமகனும் மாமியாரும் முகம் பார்த்துக்கொள்வதில்லை, பேசிக்கொள்வதில்லை. அதுதான் மரியாதை. இப்போது பாதிப் பேர் இதைக் காற்றில் பறக்கவிட்டுவிட்டார்கள். மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிங்கோ ஆடுகிற மருமகன்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் விடவில்லை. நான் உள்ளே நுழைந்தால் அவர் சால்வையைக் கன்னத்துக்கு இழுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவார்.

ஆனால் ஒரே வீட்டில், ஒரே வண்டியில் இருப்பவர்கள் எத்தனை நாள் ஊமையாக இருக்க முடியும்? அதற்குத்தான் நாய் இருந்தது. ரேஷனில் போடும் சீஸ் கட்டியின் அதே மஞ்சள் நிறம் என்பதால் அதற்கு சீஸ் என்றே பெயர். வண்டியில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது படுத்திருக்கும்.

"சீஸு, மாப்பிள்ளை வண்டியில பின் டயருக்குக் காத்து கம்மி போல. எனக்கென்ன தெரியும், நான் கெழவி" என்பார் மாமியார்.

டயர் புதுசுதான், ரோடுதான் பழசு என்று நான் நாயிடம் சொல்வேன். சால்வைக்குள் சிரிப்புச் சத்தம் கேட்கும். நாய் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தூங்கிப்போகும். என் மனைவி டார்லாவின் அண்ணன் கிளேட்டனுக்கு இதைப் பார்த்தால் பொறுக்காது. "மச்சான், எங்கம்மா போய்ட்டா நீ நாயைக் கட்டிப்புடிச்சுத்தான் அழுவ" என்பான். மாமியாரிடம் எவ்வளவு வாய் மூட வேண்டுமோ, மச்சானிடம் அவ்வளவு வாய் திறக்க வேண்டும் என்பதும் எங்கள் முறைதான். நானும் சும்மா விட்டதில்லை.

மாமியார் பதினேழு வயதில் கறுப்பு மலைகளுக்குப் போய் மோட்டல் அறைகளைக் கூட்டிப் பெருக்க ஆரம்பித்தவர். முப்பத்தொரு கோடைக்காலம் அதே வேலை. மலை எங்களுடையது. அரசாங்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அப்புறம் மலையில் தங்கம் கிடைத்தது, ஒப்பந்தம் குப்பைக்குப் போனது. நூறு வருடம் கழித்து அவர்களுடைய நீதிமன்றமே அது தவறு என்று ஒப்புக்கொண்டு, மலைக்குப் பதிலாகப் பணம் தருகிறோம் என்றது. நாங்கள் இன்றுவரை அதைத் தொடவில்லை. மாமியார் இதையெல்லாம் மேடைபோட்டுப் பேசியவர் இல்லை. "என் வீட்டு மெத்தையைத்தான் நான் தட்டிப் போடுறேன். படுக்கறவன்தான் வேற ஆளு" என்று சொல்லி அவரே சிரித்துக்கொள்வார், அவ்வளவுதான். முட்டி தேய்ந்த பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் எந்தச் சாவு வீடு என்றாலும் அவருடைய பெரிய சூப் அண்டாதான் முதலில் போய் இறங்கும்.

அவருக்கு டுவெயின் என்று ஒரு கடைசி மகன் இருந்தான். ஒரு ஜனவரியில், பனி உறைந்த சாலையில் வண்டி சறுக்கிப் போய்விட்டான். இருபத்தாறு வயது. மாமியார் அவன் முடியில் ஒரு கொத்தை வெட்டி, மான் தோலில் சுற்றி, ஒரு வருடம் வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். அந்த ஒரு வருடமும் அவன் வீட்டில் இருக்கிறான் என்றே கணக்கு. அவனுக்கு ஒரு கவளம் வைத்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சாப்பாடு. யாரும் குரலை உயர்த்தக் கூடாது. கிளேட்டனே அந்த ஒரு வருடம் என்னைக் கிண்டல் செய்யவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வருடம் முடிந்த அன்று ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டு, வீட்டில் இருந்த போர்வை, பாத்திரம், நாற்காலி எல்லாவற்றையும் தானம் கொடுத்தார். அந்த வேகத்தில் என்னுடைய கருவிப்பெட்டியும் போய்விட்டது. இன்றுவரை நான் கேட்கவில்லை.

அந்த முடியை அவர் மலையில் ஒரு பாறை விளிம்பில், ஒற்றைப் பைன் மரத்தடியில் புதைத்தார். அவருடைய அம்மா பிரார்த்தனைக்குப் போன இடம் அது. அப்படிப்பட்ட இடங்களை நாங்கள் வெளியே சொல்வதில்லை. அதற்குப் பெயர்கூட வைப்பதில்லை. டார்லாவுக்குத் தெரியும், டார்லா மூலம் எனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒருமுறை நான்தான் வண்டி ஓட்டிப் போவேன். அவரும் டார்லாவும் மரத்தில் கட்டச் சிவப்புத் துணியும் காணிக்கைக்குப் புகையிலையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறுவார்கள். நானும் சீஸும் கீழே நிற்போம்.

அந்தச் சரிவை வைத்திருந்த பண்ணைக்காரர் அதை ஒரு ரிசார்ட் கம்பெனிக்கு விற்றார். தொண்ணூறு அறைகள், வெந்நீர்க் குளம், கம்பியில் தொங்கிப் போகும் விளையாட்டு என்று திட்டம். எங்கள் சனம் மொத்தமும் எதிர்த்தது. மூன்று கூட்டம் நடந்தது. மூன்றிலும் எங்கள் பெரியவர்கள் ஒன்றையேதான் சொன்னார்கள்: முழு மலையும் புனிதம், முழு மலையும் எங்களுடையது. மாவட்ட ஆணையத்துக்காரர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் சட்டத்துக்குப் போதாது, குறிப்பாக இன்ன இடம் என்று வரைபடத்தில் காட்டுங்கள் என்றார்கள். பெரியவர்கள் காட்டவில்லை. வாயைத் திறந்தால் இடம் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். மாமியார் மட்டும் தூக்கத்தை விட்டார். யாரும் காட்டாமல் போனால் டுவெயின் முடி மேல் வெந்நீர்க் குளம் வந்துவிடும். டார்லாவிடம் புலம்பி அழுதார். அடுத்து நடக்கவிருந்த கடைசிக் கூட்டத்தில் தானே போய்க் காட்டுவது என்று முடிவெடுத்தார்.

நான் அப்போது நிலம் அளக்கிற ஒரு காண்ட்ராக்டரிடம் முளையடிக்கிற வேலையில் இருந்தேன். கூட்டத்தன்று காலை லீவு சொல்லப் போனபோது, முதலாளி மேசை மேல் காலைப் போட்டுக்கொண்டு ரிசார்ட் கம்பெனி ஆளோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவங்கள்ல யாராவது ஒரே ஒரு இடத்தைக் காட்டிட்டாப் போதும் சார். அதைச் சுத்தி ஒரு மேடை, ஒரு போர்டு. அப்புறம் மிச்ச மலையெல்லாம் சும்மா மலைதானே."

மாமியார் அன்றைக்குச் செய்யப்போனது அதைத்தான். லீவும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன். டார்லாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. நான் கூப்பிடக் கூப்பிட அவள் போன் லாக்கருக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. கிளேட்டன் கூட்ட மண்டபத்துக்கு வெளியே மேளக்காரர்களோடு பாடிக்கொண்டிருந்தான். நடுவில் போலீஸ் கயிறு, இருநூறு பேர். நான் கத்தியது அவனுக்குக் கேட்கவில்லை, கையை ஆட்டிச் சிரித்தான். அவனுடைய வண்டியில்தான் மாமியார் வந்திருந்தார். ஜன்னல் வழியாக சீஸ் என்னைப் பார்த்து வாலாட்டியது. கட்டடத்துக்குள் நாய் கூடாது என்று வாசலில் எழுதியிருந்தது.

நான் உள்ளே நுழையும்போது அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நடைபாதையில் நடந்து வந்தார். முட்டி வலியோடு மெதுவாக, சால்வையை இறுக்கிக்கொண்டு, கையில் கிளேட்டன் கொடுத்த சிவப்புப் பேனாவோடு. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் என்னைக் கடந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல முகத்தை மறைத்துக்கொண்டார். நானும் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. சுவரிடம் சொல்லியிருக்கலாம். கூரையைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். "காட்டாதீங்க" என்று ஒரே வார்த்தை. இத்தனை வருட மரியாதை என் வாயைக் கட்டியது. இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்கப்போவதில்லை. ஐந்தாவது வரிசையில் என் முதலாளி வந்து உட்கார்ந்திருந்தார். எது அதிகமாகக் கட்டியது என்று இன்றுவரை எனக்கே தெரியாது. மாமியார் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டாணி அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டார்.

இரண்டு வாரத்தில் அனுமதி கிடைத்தது. லக்கோட்டா மக்களின் உணர்வை மதித்து வெந்நீர்க் குளத்தை நூறு அடி தள்ளி வைப்பது, குறிக்கப்பட்ட இடத்தைப் பாதுகாப்பது என்று நிபந்தனை. காட்டப்படாத மலைக்கு நிபந்தனை இல்லை. பெரியவர்கள் மாமியாரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சாவு வீடுகளுக்குச் சமைக்கக் கூப்பிடுவது நின்றது. அண்டா கொல்லையில் கவிழ்ந்து கிடந்து, அதன் மேல் பனி ஏறியது. மேல்முறையீடு போட்டோம், தள்ளினார்கள். மண் வாரும் இயந்திரங்களுக்கு முன்னால் கிளேட்டன் படுத்தான். பதினோரு நாள் சிறையில் வைத்தார்கள். நான் வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. இரண்டாவது குளிர்காலத்தில் சீஸ் வயதாகிச் செத்தது. அதோடு எங்கள் வீட்டில் பேச்சே பாதியாகிவிட்டது.

போன ஜூனில் ரிசார்ட் திறந்தார்கள். லக்கோட்டா குடும்பங்களுக்கு அன்று இலவசம் என்று மாமியாருக்கு அழைப்பிதழ் வந்தது. கிழித்துப் போடுவார் என்று நினைத்தோம். போக வேண்டும் என்றார். தோட்டத்தில் மண் கிளறும் சின்னக் கரண்டியை அவர் பையில் போட்டுக்கொண்டதை டார்லா பார்த்திருக்கிறாள். முடியைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். டார்லாவுக்கு வேலை, கிளேட்டனுக்கு அந்த இடத்தில் கால் வைக்கத் தடை. நான்தான் கூட்டிப் போனேன். முன் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். நடுவில் சீஸ் படுக்கும் இடம் காலியாக இருந்தது.

பாறை விளிம்பு முழுக்கப் பலகை மேடை. பைன் மரத்தை வெட்டவில்லை, மேடையில் வட்டமாக ஓட்டை விட்டு அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். வேரைச் சுற்றி சிமெண்ட் போட்டிருந்தார்கள். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு சிவப்பு நாடா கொடுத்தார்கள். அவர்கள் அதை மரத்தில் கட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓரத்தில் ஒரு பலகை இருந்தது. 'லக்கோட்டா மூதாட்டி ஒருவர் தம் கையாலேயே அன்புடன் அடையாளம் காட்டிய புனித இடம்.'

மாமியார் அதை இரண்டு முறை படித்தார். சீருடை போட்ட ஒரு பெண் வந்து அவரிடமும் நாடா ஒன்றை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். என்ன செய்வது என்று தெரியாமல் கையில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு மரத்தடியில் மெதுவாக மண்டியிட்டு, பையிலிருந்து கரண்டியை எடுத்துச் சிமெண்டை ஒருமுறை கீறினார். கிறீச்சென்ற சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டியைப் பைக்குள் வைத்துவிட்டார். அந்த முட்டியோடு அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுக்கக் கூடாது. யாரோ ஒரு வெளியூர்க்காரர் தூக்கிவிட்டார்.

வண்டிக்கு வந்தோம். சாவியைப் போட்டேன், ஆனால் கிளப்பவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். ஆனால் அவரிடம்தான் சொன்னேன்.

"அத்தை. எனக்கு அன்னிக்கே தெரியும். காட்டினா இப்படித்தான் பண்ணுவாங்கன்னு காலையிலயே கேட்டுட்டுத்தான் வந்தேன். நீங்க என்னைத் தாண்டிப் போறப்போ எனக்குத் தெரியும்."

திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டமாட்டாரா என்று ஏங்கினேன். அவர் சால்வையை இழுத்து என் பக்கத்துக் கன்னத்தை மூடிக்கொண்டார். பிறகு நடுவில் இருந்த காலி இடத்தைத் தடவிக்கொடுத்தார்.

"சீஸு, மாப்பிள்ளைகிட்டச் சொல்லு. அன்னிக்கும் எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு, அவருதான் வாயைத் தொறக்கல."

வீடு வரைக்கும் வேறு பேச்சில்லை. மறுவாரம் டார்லா எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அழகான குட்டி, அதுவும் மஞ்சள்தான். மாமியார் அதற்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்துவிட்டு, வேண்டாம், எடுத்த இடத்திலேயே விட்டுவிடு என்று சொல்லிவிட்டார்.