சட்டையைப் பிடிக்கிற கை

பேசாலைச் சனத்தைக் கேட்டால் அன்ரோனெற்றுக்கு விசர் எண்டுதான் சொல்லும். நான் அவளின்ர மச்சாள் திரேசம்மா. அவள் கட்டினது என்ர தம்பி அமிர்தநாயகத்தை. கருவாடு காயப்போடுறது என்ர தொழில், வாய் கொஞ்சம் கூட. அவளைப் பற்றி ஆரும் என்னட்டைப் பிழையாய்க் கதைச்சால் கையிலை இருக்கிற மீனாலையே போடுவன். ஆனபடியால் நடந்ததை நானே சொல்லிப்போடுறன், கேளுங்கோ.

அவள் பிறந்தது வங்காலையிலை. சண்டைக் காலத்திலை தாய் தேப்பனோடை வள்ளமேறி இந்தியாவுக்குப் போய், முகாமிலை இருந்து தையல் பழகி, பிறகு திரும்பி வந்து எங்கட குடும்பத்துக்குள்ளை விழுந்தவள். எதையும் உள்ளுக்குத் திறந்து பாக்காமல் விடமாட்டாள். தையல் மெசினைக் கழட்டுவாள், றேடியோவைக் கழட்டுவாள். நான் மீன் வெட்டேக்கை பக்கத்திலை குந்தியிருந்து வயித்துக்குள்ளை என்ன கிடக்குது எண்டு பாப்பாள்.

"மச்சாள், இந்தப் பாரை விழுங்கின சூடையைப் பாருங்கோ. தலைப்பக்கமாய் விழுங்கியிருக்குது. ஏன் வாலாலை விழுங்கேல்ல?"

"அதைப் பாரையிட்டைக் கேள். இப்ப தள்ளி இரு, கத்தி படப்போகுது" எண்டுவன்.

கலியாணம் கட்டிக் கன வருசமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் வாய் திறக்கிறதில்லை. ஊர் திறக்கும்.

சண்டை முடிஞ்சு இரண்டு மூண்டு வருசத்தாலை, கோயிலடி மண்டபத்திலை சனிக்கிழமையளிலை கராட்டி வகுப்புத் தொடங்கினது. படிப்பிக்க வந்தவர் முருங்கன் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பெடியன், குகதாசன் மாஸ்ரர். நல்ல அடக்கமான பிள்ளை, பொம்பிளையளோடை கதைக்கேக்கை நிலத்தைப் பாத்துத்தான் கதைப்பார். பிள்ளையளுக்கு வெள்ளை உடுப்புத் தைக்கிற வேலை அன்ரோனெற்றுக்குக் கிடைச்சுது. அளவெடுக்கப் போனவள் சும்மா அளவெடுத்துப்போட்டு வந்தாளா?

"தம்பி, ஒருக்கால் உதைச்சுக் காட்டுங்கோ. காற்சட்டைக்கு எவ்வளவு துணி விடவேணுமெண்டு பாக்கவேணும்" எண்டு கேட்டிருக்கிறாள்.

அவர் உதைச்சுக் காட்டினார். இன்னொருக்கால் எண்டாள். அதுக்குப் பிறகும் இன்னொருக்கால் எண்டாள். வீட்டை வந்து, அளவு நாடாவைக் கழுத்தாலை எடுக்காமலே எனக்கு முன்னாலை வந்து நிண்டாள்.

"மச்சாள், அந்தப் பாதம் நேரை போகேல்ல. முதல்லை முழங்கால் மேலை வந்தது. பிறகுதான் கதவு திறக்கிறமாதிரிக் கால் திறந்தது. ஒரு கால் அங்கை போக மற்றக் கால் எப்பிடி விழாமல் நிக்குது?"

"நிக்காமல் என்ன, அது அந்தப் பெடியன்ர கால்தானே!"

அடுத்த சனிக்கிழமை தன்ர அளவுக்கும் ஒரு வெள்ளை உடுப்புத் தைச்சுப் போட்டுக்கொண்டு போய், பெட்டையளின்ர வரிசையிலை கடைசியாய் நிண்டிட்டாள். முப்பத்தைஞ்சு வயசிலை! தம்பி கடலாலை வந்து, கதையைக் கேட்டுச் சிரிச்சுப்போட்டு, "சோறு கிடைக்குமோ இல்லையோ, அதைச் சொல்லு" எண்டான். அவ்வளவுதான் அவன்.

முதல் கிழமையே கால் பெருவிரல் வீங்கிப்போச்சு. விரலாலை உதைச்சிருக்கிறாள் மூதேவி. விரலை மேலை மடக்கிக்கொண்டு, அதுக்குக் கீழை இருக்கிற தடிச்ச சதையாலை இடிக்கவேணுமாம். பிறகு எங்கட வீட்டு வளவு வேம்பிலை ஒரு சாக்கைக் கட்டி, அதுக்குள்ளை கிழிஞ்ச வலைத்துண்டுகளை அடைச்சு, பின்னேரங்களிலை உதை உதையெண்டு உதைச்சாள். சாக்கைப் பிடிக்கிற வேலை எனக்கு. உதைச்ச காலை உடனை இழுக்கவேணுமெண்டு மாஸ்ரர் சொன்னாராம், இல்லாட்டில் எதிராளி பிடிச்சுப்போடுவானாம். அவளுக்கு அது உண்மையோ எண்டு பாக்கவேணும்.

"மச்சாள், என்ர காலைப் பிடியுங்கோ."

பிடிச்சன். கோழியைப் பிடிக்கிறமாதிரி லேசாய்ப் பிடிச்சன். ஒற்றைக்காலிலை துள்ளிக்கொண்டு நிண்டவளை விடாமல் வளவைச் சுத்தி இழுத்துக்கொண்டு போனன், இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சம். பிறகு கிழமை போகப் போக, பிடிக்கப் போன என்ர கை வெறுங்காத்தைத்தான் பிடிச்சுது. நிக்கிற காலை விறைப்பாய் வைக்காமல் முழங்காலிலை கொஞ்சம் மடக்கினால் ஆட்டமில்லாமல் நிக்குதெண்டு அவளாயே கண்டுபிடிச்சாள். எனக்கும் வியப்புத்தான், ஆனால் வாயாலை சொல்லேல்ல. சொன்னால் தலைக்குமேலை ஏறிடுவாள்.

இப்பிடிப் போய்க்கொண்டிருக்கேக்கைதான் பிரான்சிஸ்கா கிளம்பினாள். பிரான்சிஸ்காவின்ர புருசனுக்கு இரண்டு வள்ளம், அவளின்ர ஒரே மகளும் அந்த வகுப்பிலை. அவளின்ர வாய் என்ர வாயைவிட நீளம் எண்டால் பாத்துக்கொள்ளுங்கோவன். தாய்மாரைச் சேர்த்துக்கொண்டு, மண்டபத்துக்குப் பொறுப்பான பங்குச் சுவாமியிட்டைப் போனாள்.

"வளந்த பெட்டையளை ஒரு ஆம்பிளை நிண்டு காலைத் தூக்கு, காலைத் தூக்கு எண்டுறது என்ன வடிவு சுவாமி?"

சுவாமி நல்லாய் யோசிச்சார். கடைசியிலை, ஒரு பொம்பிளை பெட்டையளோடை பொறுப்பாய் நிக்கவேணும், நிக்கிறவளுக்கு வேலையும் தெரிஞ்சிருக்கவேணும், இல்லாட்டில் பெட்டையளின்ர வகுப்பை நிப்பாட்டுவம் எண்டார். வாற சோதினையிலை மஞ்சள் இடுப்புப்பட்டி எடுத்தால் அன்ரோனெற் அக்காவை நிப்பாட்டலாம் எண்டு மாஸ்ரர் சொன்னார். வேறை பொம்பிளை ஆர் இருக்கிறா? அண்டு பின்னேரமே பெட்டையள் எல்லாம் எங்கட வளவுக்கு வந்திட்டுதுகள். "அன்ரி, எங்களை விட்டிடாதேங்கோ" எண்டு அழாக்குறையாய் நிண்டுதுகள்.

பிரான்சிஸ்கா அதோடை விட்டாளா? மீன் ஏலம் கூறுற இடத்திலை நிண்டு, "பிள்ளை பெறாதவள் ஊரான் பிள்ளையளுக்குக் காலைத் தூக்கப் பழக்கப் போறாளாம்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னாள். நான் கூடையைப் போட்டுட்டுப் பாய்ஞ்சன். அன்ரோனெற் என்ர கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திட்டாள். வீட்டை வந்துதான் அழுதாள், மெசினிலை தலையை வைச்சுக்கொண்டு.

"எனக்கு அந்தப் பெட்டையளை விட ஏலாது மச்சாள். சனிக்கிழமை விடிஞ்சால் எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே?"

அவளின்ர தலையைத் தடவிக்கொண்டு நிண்டன்.

ஆனால் அவளிட்டை ஒரு பிழை கிடந்தது, அதை அவளாலை திருத்த முடியேல்ல. உதைக்கேக்கை இரண்டு கையையும் முட்டி பிடிச்சு நாடிக்குக் கிட்ட வைச்சிருக்கவேணும், முகத்துக்குக் காவலாய். இவளின்ர வலக்கால் மேலை போனால் வலக்கை கீழை வந்திடும். "கை, அக்கா, கை!" எண்டு கத்திக் கத்தி மாஸ்ரருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நிலை தடுமாறுறதாலைதான் கை விழுகுதெண்டு நினைச்சு, சுவரைப் பிடிச்சுக்கொண்டு உதைக்க விட்டார். சுவரை விட்டதும் கை விழுந்தது. இவள் இரண்டு முட்டிக்குள்ளையும் நூற்கட்டையை வைச்சுக்கொண்டு உதைச்சுப் பாத்தாள். நூற்கட்டையோடையே கை கீழை போனது.

"பொத்தெண்டு விழுந்தாலும் பரவாயில்லை மச்சாள். அது விழேல்ல. எங்கையோ போகுது. எங்கை போகுது?" எண்டு அதையே கேட்டுக்கொண்டு திரிஞ்சாள்.

அது சோளகக் காத்துக் காலம். மண்ணை வாரி முகத்திலை அடிக்கும், ரோட்டிலை சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேணும். ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் கடற்கரைக்குப் போறம். நான் தலையிலை மீன் தாச்சியோடை முன்னாலை போறன். பின்னாலை வந்தவள் திடீரெண்டு நிண்டிட்டாள்.

"மச்சாள், உங்கட கை எங்கை?"

"தாச்சியைப் பிடிச்சிருக்கிறது தெரியேல்லையே?"

"மற்றக் கை!"

பாத்தன். முழங்காலுக்குக் கீழை தொங்கிற சட்டை பறக்காமல், அதைத் துடையிலை அமத்திப் பிடிச்சிருந்தது. "காத்தடிக்குதல்லோ, வேறை எங்கை இருக்கும்?" எண்டன். எதிர்ப்பக்கத்தாலை இரண்டு பொம்பிளையள் வந்தினம். இரண்டு பேரின்ர கையும் துடையிலை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பெட்டையளைப் பாத்தால் அதுகளின்ர கையும் அங்கைதான். அன்ரோனெற் அப்பிடியே மணலிலை இருந்து சிரிக்கத் தொடங்கினாள். எனக்கு முதல் விளங்கேல்ல, எழும்படி விசரி எண்டு பேசினன்.

"உதைக்கேக்கை காற்சட்டை போட்டிருக்கிறது எனக்குத் தெரியும் மச்சாள். கைக்குத் தெரியாது!"

அந்தச் சனிக்கிழமை நானும் மண்டபத்துக்குப் போய் யன்னலடியிலை நிண்டு பாத்தன். பெடியளின்ர கை கண்டபாட்டுக்கு ஆடுது, ஒருத்தன்ர பக்கத்துக்கு, ஒருத்தன்ர பின்னுக்கு. பெட்டையளின்ர கை ஒண்டுவிடாமல் துடைக்குப் போகுது. என்ர மாதாவே! எல்லாம் பொறுக்கியெடுத்தமாதிரி ஒரே இடத்துக்குப் போகுது. அன்ரோனெற் போய் மாஸ்ரரிட்டை விசயத்தைச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்குக் காது சிவந்துபோச்சு. "அது எனக்கு... நீங்களே பாருங்கோ அக்கா" எண்டுபோட்டுப் பெடியள் பக்கம் போயிட்டார்.

காரணம் தெரிஞ்சாப்போலை கை கேக்குதே? கேக்கேல்ல. அப்ப அவள் என்ன செய்தாள் தெரியுமே? கருவாட்டுப் பரணுக்குப் பின்னாலை, காத்து நல்லாய் அடிக்கிற இடத்திலை, வெள்ளைக் காற்சட்டைக்கு மேலை தன்ர அகலச் சட்டையைப் போட்டுக்கொண்டு உதைக்கத் தொடங்கினாள். பறந்தால் பறக்கட்டும், பிடிக்கிறேல்லை எண்டு. சட்டை குடைமாதிரி எழும்பி அவளின்ர முகத்தை மூடினது. உள்ளுக்கை இருந்து "கை எங்கை மச்சாள்?" எண்டு கத்துறாள். "துடையிலையடி!" எண்டு நான் கத்துறன்.

ஒரு நாள் அதைப் பிரான்சிஸ்கா கண்டிட்டாள். வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தவள் படலையைத் திறந்துகொண்டு உள்ளுக்கே வந்திட்டாள்.

"இதென்ன கூத்து? பட்டப்பகலிலை சட்டையைப் பறக்க விட்டுக்கொண்டு! இதைத்தானே என்ர பிள்ளைக்கும் பழக்கப் போறாய்?"

விரலை நீட்டி நீட்டிப் பேசினாள். நான் பதில் சொல்ல வாயைத் திறக்க, அள்ளிக்கொண்டு வந்ததே ஒரு காத்து. பேசிக்கொண்டிருந்த பிரான்சிஸ்காவின்ர நீட்டின கை சட்டெண்டு கீழை போய்ச் சட்டையைப் பிடிச்சுது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. உங்கட கையை ஒருக்கால் பாருங்கோ" எண்டு அன்ரோனெற் சொன்னாள். "என்ர கையும் அதைத்தான் செய்யுது. உங்கட மகளின்ரயும் செய்யுது. சட்டை இல்லாத இடத்திலையும் செய்யுது. உதைக்கேக்கை முகத்தை விட்டிட்டுச் சட்டையைப் பிடிச்சால், அடிக்கிறவன் எங்கை அடிப்பான்?"

பிரான்சிஸ்கா தன்ர கையைப் பாத்தாள். கன நேரம் பாத்தாள். பிறகு சட்டையைப் பிடிச்சபடியே படலையாலை வெளியிலை போயிட்டாள். நேரை சுவாமியிட்டைத்தான் போறாள், வகுப்பு இதோடை முடிஞ்சுது எண்டு நான் தலையிலை கை வைச்சன். ஆனால் சுவாமியிட்டை இருந்து ஒரு கதையும் வரேல்ல.

வளவுக்குள்ளை அன்ரோனெற்றின்ர கை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. கடைசியிலை சட்டை முகத்தை மூடினாலும் முட்டி நாடியை விட்டு அசையேல்ல. ஆனால் அங்கை பாத்துக்கொண்டு நிண்டது நான் மட்டும். மண்டபம் நிறையச் சனம் பாத்துக்கொண்டிருந்தால்?

சோதினைக்கு வவுனியாவிலையிருந்து பெரிய மாஸ்ரர் வந்தார், நரைச்ச மீசைக்காரர். மேசைக்குப் பின்னாலை கதிரையிலை இருந்தார். தாய்மார் வாங்குகளிலை, தேப்பன்மார் வாசலிலை. பிரான்சிஸ்கா முன் வாங்கிலை, முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு. அந்தோனியாரே, இவளின்ர கையைப் பிடிச்சுக்கொள்ளும் எண்டு வேண்டிக்கொண்டிருந்தன்.

அன்ரோனெற்றின்ர பேரைக் கூப்பிட்டினம். குத்தினாள், தடுத்தாள், எல்லாம் வடிவாய்ச் செய்தாள். உதைக்கச் சொன்னார். வாசலிலை நிண்ட ஆம்பிளையளிலை ஆரோ ஒருத்தன் சிரிச்சான். முழங்கால் வந்தது, பாதம் பறந்தது, கை துடைக்குப் போனது.

"கை" எண்டார் பெரிய மாஸ்ரர்.

திருப்பி உதைச்சாள். திரும்பவும் போனது. அவர் பேனையை எடுத்தார், பிறகு என்ன நினைச்சாரோ, "கடைசியாய் ஒருக்கால்" எண்டார். அன்ரோனெற்றின்ர முகம் வெளிறிப்போச்சு. நான் கண்ணை மூடினன்.

"விடு அன்ரோனெற், விடு! வெளியிலை ஒண்டும் தெரியேல்ல, உதை!"

கண்ணைத் திறந்தால், வாங்கிலை எழும்பி நிண்டு கத்தினது பிரான்சிஸ்கா!

அன்ரோனெற் உதைச்சாள். சத்தியமாய்ச் சொல்லுறன், அப்பிடி ஒரு உதையை நான் எங்கட வளவிலையும் கண்டதில்லை. போன கால் திரும்பி வந்து நிலத்திலை நிக்குது, இரண்டு முட்டியும் நாடிக்குக் கீழை அப்பிடியே இருக்குது. பெரிய மாஸ்ரர் தலையை ஆட்டி எழுதினார். எழுதிப்போட்டு, "என்ன தெரியேல்ல எண்டு கத்துறா அந்த அம்மா?" எண்டு குகதாசன் மாஸ்ரரைக் கேட்டார்.

"எனக்கும் தெரியாது சேர்" எண்டு அவர் நிலத்தைப் பாத்தார்.

அடுத்ததாய் நிண்டது பிரான்சிஸ்காவின்ர மகள். முதல் உதையிலையே கை துடைக்குப் போனது. அவ்வளவுதான், கை எங்கை போகுதெண்டு பிரான்சிஸ்கா எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள் போலை, வாங்குகளிலை இருந்த தாய்மார் எல்லாரும் ஒண்டாய் எழும்பிட்டினம். "விடடி பிள்ளை! சட்டையை விடு!" எண்டு மண்டபம் இடியக் கத்திச்சினம், நானும் சேர்ந்து கத்தினன். பிரான்சிஸ்கா மட்டும் கத்தேல்ல. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், ஏனெண்டால் அந்தப் பிள்ளை இரண்டு கையையும் முகத்துக்கு முன்னாலை வைச்சபடி திரும்பவும் உதைச்சு முடிச்சிருந்தது.