எட்டாவது திருகாணி

எட்டுத் திருகாணியில் ஏழு போதும் என்று சொல்கிறவர்களை எனக்கு இன்றும் பிடிப்பதில்லை. கருவிகளைக் கழற்றிப் பூட்டுவதே என் தொழில் என்பதால் இதை யாரும் குறையாகச் சொல்வதுமில்லை. ஆனால் என்னிடம் முதலில் அப்படிச் சொன்னவர் அம்மாவின் தம்பி, என் மாமா.

அப்போது எனக்குப் பத்து வயது. நமுனுகுல மலைக்குக் கீழே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள், அதுதான் எங்கள் லயம். மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு, எங்கள் பக்கமும் மழை அளக்கும் பெட்டி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வெளியே கம்பத்தில் மழை விழும் குவளை, அதிலிருந்து ஒரு வயர், வயரின் முடிவில் எங்கள் வீட்டுச் சுவரில் பெட்டி. அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் என்பதால் அது எங்கள் வீட்டுக்கு வந்தது. மழை அளவு மீறினால் பெட்டி கத்தும். கத்தினால் லயமே கிளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். தினமும் காலையில் அதில் தெரியும் எண்ணைக் கொப்பியில் எழுதுவது என் வேலை. ஒரு நாளும் நான் தவறவிட்டதில்லை.

அந்த வருஷம் மழைக்காலம் தொடங்கும் முன்பே ஒரு வெயில் நாளில் பெட்டி ‘கீக்’ என்றது. நிமிஷத்துக்கு ஒரு தரம். அதைக்கூடத் தாங்கியிருக்கலாம். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெரியம்மா அந்தக் கீக்கைக் கேட்டு அடிக்கடி துணிமூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். மீரியபெத்தையில் அவருடைய தங்கை குடும்பம் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? “மழை இல்ல பெரியம்மா, வெயில் அடிக்குது” என்று நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

“நான் பாத்துக்கிறேன் அத்தான்” என்றார் மாமா. பசறையில் ரேடியோ திருத்தும் கடையில் மூன்று மாதம் இருந்தவர். அந்த மூன்று மாதத்தில் கழற்றக் கற்றுக்கொண்டார். பூட்டுவது நாலாவது மாதத்துப் பாடம் போலிருக்கிறது.

கழற்றிய திருகாணிகளில் இரண்டை உதட்டில் கடித்துக்கொண்டார். ஒன்றைச் சட்டைப் பையில் போட்டார். ஒன்றைக் குடித்து முடித்த தேத்தண்ணிக் கோப்பையில் போட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. பிஸ்கட் பெட்டியின் அட்டையை வெட்டி, மழைப் பெட்டியின் படத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் அட்டையில் குத்தி வைத்தேன். மூடிக்கு நீளமானவை நாலு, உள்ளே பலகைக்குக் கட்டையானவை இரண்டு, வெளியிலிருந்து வரும் வயரைப் பிடிக்கும் பொடி இரண்டு. ஆக எட்டு.

“வாங்க கணக்குப்புள்ள, துரைகிட்ட காட்டிட்டு வாங்க” என்றார் மாமா, உதட்டிலிருந்து துப்பிக் கொடுத்தபடி.

எட்டையும் கழற்றிய பிறகுதான் தெரிந்தது, பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதை மாற்றப் பெட்டியின் அடியில் தனி மூடி இருந்தது. விரலால் தள்ளினாலே திறக்கும். மாமா அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, “நல்லாத்தான் செஞ்சிருக்கான்” என்று பாராட்டிவிட்டு பேட்டரி வாங்கக் கடைக்குப் போனார். நான் கை கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனேன். அந்த நேரத்தில் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து ஈர விறகை மூட்டியிருக்கிறார். புகை கண்ணைக் கரித்திருக்கிறது. கையில் அகப்பட்டது என் அட்டை.

நான் வரும்போது அம்மா அதை வைத்து அடுப்பை நன்றாக விசிறிக்கொண்டிருந்தார்.

சாம்பலை அம்மா மாவரிக்கும் சல்லடையில் போட்டு அரித்தோம். அதற்கு ஒரு திட்டு. விறகை எல்லாம் நகர்த்தினோம். அதற்கு ஒரு திட்டு. ஏழு கிடைத்தன. வயரைப் பிடிக்கும் பொடித் திருகாணி ஒன்றைக் காணவில்லை.

“ஏழு போதும். கம்பனிக்காரன் எப்பவும் ஒன்னு கூடத்தான் போடுவான்” என்று வயரைச் சுற்றி டேப் ஒட்டினார் மாமா.

“எட்டு இருந்திச்சு மாமா.”

“அது கத்துதா?”

“இல்ல.”

“அப்பறம் என்ன?”

பெட்டி கத்தவில்லை. லயமே மாமாவைப் புகழ்ந்தது. பெரியம்மாகூட மூட்டையைப் பிரித்துத் துணியை மடித்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. அப்பா கூட்டமென்று பதுளைக்குப் போயிருந்தார். முதல் நாளிலிருந்து விடாத மழை. எதிரே மலை தெரியவில்லை. காலையில் எண்ணைப் பார்த்தேன், பூஜ்யம். கண்ணாடியில் ஈரம் பட்டுத் தவறாகத் தெரிகிறதோ என்று துடைத்துவிட்டுப் பார்த்தேன். மத்தியானமும் பூஜ்யம்.

“அம்மா, பெட்டி கத்தலம்மா.”

“கத்தலேன்னா நல்லதுதானேடி?”

“மழை பெய்யுது. அது பெய்யலேங்குது.”

அம்மா பெட்டியைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், மலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். சோற்றுப் பானையை இறக்கினார். தகரத் தட்டையும் கரண்டியையும் எடுத்து, மழையில் லயம் நெடுக அடித்துக்கொண்டே போனார்.

“பெட்டி கத்தலங்க! எல்லாம் வாங்க!”

“கத்தாததுக்கா ஓடச் சொல்ற?” என்று யாரோ உள்ளேயிருந்து கேட்டார்கள். ஆனாலும் வந்தார்கள். மூட்டையைப் பிரித்துவிட்ட பெரியம்மா வெறுங்கையோடு, எல்லோருக்கும் முன்னால் நடந்தார்.

பள்ளிக்கூடத்து வாங்குப் பலகைகளில் நனைந்த சனம். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஒன்றும் நடக்கவில்லை. மழை தணிந்தது. அதற்குப் பிறகுதான் வாய்கள் திறந்தன.

“கத்துனாலும் ஓடணும், கத்தாட்டியும் ஓடணும். அப்ப பெட்டி எதுக்கு?”

“தலைவர் மக கொப்பியில எழுதிட்டா, மலை விழுந்துதான் ஆகணும்.”

மாமா எல்லோரையும் சமாதானப்படுத்திக்கொண்டு சீமெந்துத் தரையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். டிக். டிக். வலது காலுக்கு மட்டும் ஒரு சத்தம். நான் அவர் செருப்பைக் கழற்றச் சொன்னேன். அடி ரப்பரில் தலை மட்டும் தெரியப் புதைந்து, பொடித் திருகாணி. ஒரு வாரமாக அதன் மேல்தான் நடந்திருக்கிறார்.

“நான்தான் சொன்னேன்ல, எங்கயும் போயிருக்காதுன்னு” என்றார் மாமா. அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தோம். டேப்பை உரித்து, அதற்குள் கழன்று கிடந்த வயரைத் திருகாணியால் பூட்டியாயிற்று. வரும் வழியெல்லாம் கேட்ட கிண்டல்களை யார் யார் சொன்னது என்று கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியம்மா சூடான ரொட்டி கொண்டுவந்தார். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, “ஒன்னும் ஆகல பாத்தியா? ஒன்னுமே ஆகல” என்று சிரித்தார். கண்ணில் தண்ணீர் வேறு. இவரும் கேலி செய்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ரொட்டியைத் தொடவில்லை. அவர் பெயரையும் பட்டியலில் சேர்த்தேன்.

வெளியே மேகம் விலகி மலை முழுதாக நின்றது. மாமாவை விட, அடுப்பை விசிறிய அம்மாவை விட, எனக்கு அதன் மேல்தான் கோபம். ஒரு கூடை மண்ணையாவது கீழே தள்ளியிருக்கக் கூடாதா என்று அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.