ஏரிக்கரைக்கு நம்பர் போட்ட ஆம்புரோஸ்

ஆம்புரோஸ் முப்பத்தொரு வருஷம் ஈப்போவை அடுத்த சிம்பாங் பூலாயில் தபால்காரராக இருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் காலால் நடந்த தூரத்தைக் கூட்டினால் ஒரு கிலோமீட்டர் தேறுமா என்பது சந்தேகம். மோட்டார் சைக்கிளில் வருவார். கேட்டோரம் நிறுத்துவார். இறங்காமலே கையை நீட்டிக் கடிதத்தைப் பெட்டிக்குள் போடுவார். கை எட்டாத வீடுகளில் மட்டும் இறங்குவார். நாய் இருக்கும் வீடுகளில் அதுவும் கிடையாது. வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாயின் பெயரைத்தான். அது குரைத்தால் வீட்டுக்காரர் தானாக வெளியே வருவார்.

ஓய்வு பெற்ற நான்காவது மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இனிப்புநீர் பதின்மூன்று. ஏழுக்குள் இருக்க வேண்டிய சர்க்கரை.

"அங்கிள், நடக்கணும்லா. தினமும் ஒரு மணி நேரம்" என்றார் இளம் டாக்டர்.

"எங்க போறதுக்கு?"

"எங்கயும் இல்ல. சும்மா நடக்கணும்."

ஒரு விலாசத்துக்குப் போவதற்காக மட்டுமே வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பழகியவருக்கு இது விளங்கவே இல்லை. அவர் மனைவி பிலோமினாவுக்கு விளங்கியது. பள்ளிக்கூடக் கேண்டீனில் முந்நூறு பிள்ளைகளுக்கு மீ கோரிங் நூடுல்ஸ் கிண்டுகிற கை அவருடையது. மறுநாள் சாயங்காலமே கணவரைக் காரில் ஏற்றிக்கொண்டுபோய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார்.

அது ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரி. சுற்றிலும் முன்பு ரப்பர் தோட்டம். பால் வெட்டுவதை நிறுத்தி நாற்பது வருஷமாகிறது. மரங்கள் இஷ்டத்துக்கு வளர்ந்து, இடையில் மூங்கிலும் கொடியும் புகுந்து காடாகிவிட்டது. காட்டுக்குள் தோட்டத்தின் மிச்சங்கள் அங்கங்கே நிற்கும். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட்ட கொட்டகையின் புகைபோக்கி, கூரையில்லாத ஆபீஸ் சுவர், துரை பங்களாவின் படிக்கட்டு. பங்களா எப்போதோ போய்விட்டது. பதினெட்டுப் படிகள் மட்டும் கம்பீரமாக ஏறி, மேலே ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். கல்யாண ஜோடிகள் அதில் உட்கார்ந்து படமெடுக்க ஈப்போவிலிருந்து வருவார்கள். ஏரியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்கு மேடு பள்ளமில்லாத மண்பாதை. நடை பழகும் குழந்தைகூடச் சுற்றி வந்துவிடும்.

முதல் நாள் ஆம்புரோஸ் வலப்பக்கமாகத் திரும்பி, ஏரி இடக்கைப் பக்கம் இருக்க நடந்தார். அந்தப் பக்கம்தான் நிழல் இருந்தது. புகைபோக்கியை நெருங்கும்போது எதிரே வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்தும் குடையுமாக ஒருவர் வந்து வழிமறித்து நின்றார். ஈப்போவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற பெத்தபெருமாள். செட்டிநாட்டுப் பக்கத்துக் குடும்பம். பேச்சில் ஒரு சொல்லும் வீணாகாது.

"நீங்க எதிர்ப்பக்கமா சுத்துறீங்க" என்றார்.

"எதுக்கு எதிர்ப்பக்கம் டாக்டர்?"

"எதைச் சுத்தினாலும் வலமா வரணும். கோயிலோ குளமோ. நான் பதினோரு வருஷமா அப்படித்தான் வாரேன்."

"நான் சர்ச்சுக்குப் போறவன் டாக்டர். நாங்க சுத்துறதில்ல, நேரா உள்ள போயிடுவோம்" என்று சொல்லிவிட்டு ஆம்புரோஸ் தன் வழியே நடந்தார்.

அன்றிலிருந்து இருவரும் எதிரெதிராகவே நடந்தார்கள். ஒரு சுற்றுக்கு ஒருமுறை நேருக்கு நேர் சந்தித்துத் தலையசைப்பார்கள். பெத்தபெருமாளின் தலையசைப்பில் சொத்தைப் பல்லைப் பார்த்த வருத்தம் இருக்கும்.

மூன்றாவது வாரம் கார் நிறுத்துமிடத்தில் ஒரே அமர்க்களம். ஈப்போ வங்கியில் வேலை செய்யும் பெண்கள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் கவிநயா என்ற பெண் படமெடுக்கப் பாதையைவிட்டு விலகிப்போய் வழி தவறிவிட்டாள். தோழிகள் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கடி இருக்க?"

"ஒரு மரத்துக்கிட்ட!"

"எந்த மரம்?"

"பெரிய மரம்லா!"

ஆம்புரோஸ் போனை வாங்கினார். "பக்கத்துல என்னம்மா இருக்கு?"

"இன்னொரு மரம் அங்கிள்" என்று அழுதாள் கவிநயா.

முக்கால் மணி நேரம் தேடினார்கள். கடைசியில் கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், நாற்பதே காலடி தூரத்தில், ஒரு ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கத்தியதெல்லாம் போன் இல்லாமலே அவளுக்குக் கேட்டிருக்கிறது.

அன்றிரவு ஆம்புரோஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பிலோ, இத்தனை பேர் வந்து போற இடம். அதுக்கு ஒரு விலாசம் கிடையாது" என்றார்.

"ஏரிக்கு யாருங்க கடிதாசி போடப்போறா?" என்றார் பிலோமினா. ஆனால் வீட்டிலிருந்த பிஸ்கட் டின்களின் மூடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்த்தபோது, ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆம்புரோஸ் மூடிகளுக்கு நீலச் சாயமடித்து, வெள்ளையில் எண் எழுதினார். நாற்பத்தாறு எண்கள். ஏரிக்கரையைக் கூட்டிப் பெருக்கும் அப்பாவுவிடம் அனுமதி கேட்டார்.

"ஆணி அடிக்காதீங்க அண்ணே. அதுக்கு மேல நான் ஒண்ணும் பார்க்கல" என்றார் அப்பாவு.

ஆகவே ராஃபியா கயிற்றால் கட்டினார். தான் நடக்கும் திசையில் ஒன்று, இரண்டு, மூன்று. மூங்கில் புதருக்குப் பத்தொன்பது. துரை பங்களாப் படிக்கட்டுக்கு முப்பத்தேழு. அங்கிருந்து கார் நிறுத்துமிடம் அரை கிலோமீட்டர். நாலாம் நம்பர் பெஞ்சில் உட்கார ஒரு சீன அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார், நாலு சாவைக் குறிக்கும் எண் என்று. தபால்காரருக்கா இது தெரியாது? மறுநாளே அதை அழித்து 3ஏ என்று எழுதினார். பதினாலு, 13ஏ ஆனது.

ஜனங்களுக்கு நம்பர் பிடித்துப் போயிற்று. "பதினொண்ணுல நிக்கிறோம், வா" என்று போனில் பேசினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு கொண்டு தரும் மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் நாசி லெமாக் பொட்டலங்களோடு வந்து, "இருபத்தாறு எந்தப் பக்கம் அண்ணே?" என்று கேட்டார். ஆம்புரோஸ் கூடவே நடந்துபோய் ஆபீஸ் சுவரைக் காட்டிவிட்டு, அவர் பொட்டலத்தைக் கொடுத்து முடிக்கும்வரை கண்கலங்க நின்றார்.

பெத்தபெருமாளுக்கு மட்டும் பிடிக்கவில்லை. அவர் வரும் திசையில் எண்கள் நாற்பத்தாறில் தொடங்கி இறங்கிக்கொண்டே வந்தன.

"நடக்கிற மாதிரியே இல்ல. ராக்கெட் விடுறதுக்கு எண்ணுற மாதிரி இருக்கு" என்றார்.

"திரும்பி நடங்க டாக்டர், ஏறும்."

பெத்தபெருமாள் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போய்விட்டார்.

பெத்தபெருமாளைத் தவிர நம்பர் பிடிக்காதவை குரங்குகள். பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, ரொம்பப் பிடித்துவிட்டது. பளபளக்கும் தகரத்தைக் கண்டால் கயிற்றைக் கடித்து, தூக்கிக்கொண்டு ஓடின. அலுத்தபோது கண்ட இடத்தில் போட்டுவிட்டுப் போயின. ஆம்புரோஸ் வாரம் ஒருமுறை காணாமல் போனதைத் தேடிக் கட்டி வந்தார்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஆம்புரோஸும் பிலோமினாவும் வந்து காரைவிட்டு இறங்கும்போதே ஆம்புரோஸின் போன் அடித்தது. கூப்பிட்டவர் பெத்தபெருமாள். கவிநயா காணாமல் போன நாளில், எதற்கும் இருக்கட்டும் என்று ஆம்புரோஸின் போன் நம்பரை வாங்கி வைத்திருந்தார். அதற்குமுன் ஒரு தடவையும் கூப்பிட்டதில்லை.

"ஆம்புரோஸ். கால் பிசகிட்டு. எழுந்திரிக்க முடியல."

"எங்க டாக்டர்?"

சொந்தப் பல்லைத் தானே பிடுங்குகிறவரைப் போலச் சொன்னார்: "பத்தொன்பதுல."

ஆம்புரோஸ் ஓடினார். ஆமாம், ஓடினார். பிலோமினா அவர் ஓடி அன்றுதான் பார்த்தார். பிலோமினா பின்னால் விரைந்து நடந்தார். ஒன்றே கால் கிலோமீட்டர் தாண்டி மூங்கில் புதருக்கு வந்தால், அங்கே யாரும் இல்லை. ஆம்புரோஸ் மூச்சிரைக்கப் போன் செய்தார்.

"டாக்டர், எங்க இருக்கீங்க?"

"பத்தொன்பதுலதான் உட்கார்ந்திருக்கேன்!"

"நான் பத்தொன்பதுலதான் நிக்கிறேன். நீங்க இல்லையே!"

"அப்ப நான் பொய் சொல்றேனா? தகரம் கண்ணு முன்னாடி கிடக்கு. ஒண்ணு, ஒன்பது. உங்க கையெழுத்துதான், கோணலா இருக்கு!"

ஆம்புரோஸ் மூங்கிலைச் சுற்றிப் பார்த்தார். அறுந்த ராஃபியா கயிறு மட்டும் தொங்கியது. மேலே ஒரு குரங்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எல்லாம் விளங்கிவிட்டது.

கண்ணை மூடி, மூச்சை அடக்கி, விலாசம் சரியில்லாத கடிதம் வந்தால் கடைக்காரரிடம் கேட்பதைப் போலக் கேட்டார். "டாக்டர், நம்பரை விடுங்க. பக்கத்துல என்ன இருக்கு?"

"படிக்கட்டு. ஏறிப் போகுது, ஒண்ணும் இல்லாம நிக்குது. அதுல நின்னு பறவையைப் பார்த்தேன். அதான் இப்படி."

"துரை பங்களா! சாமி, அது முப்பத்தேழு லா!"

மறுபடி ஓட்டம். இதற்குள் பிலோமினா அப்பாவுவுக்குப் போன் செய்து, குப்பை அள்ளும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைப் படிக்கட்டுக்குக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். மூவரும் சேர்ந்து டாக்டரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்தார்கள். சருகு வாசனைக்கு நடுவில், குடையைக் கையில் பிடித்தபடி, அவர் சுல்தானைப் போல அமர்ந்திருந்தார். கணுக்கால் மங்குஸ்தீன் பழம்போல ஊதா நிறத்தில் வீங்கியிருந்தது.

அப்பாவு வண்டியைக் கார் நிறுத்துமிடத்தை நோக்கித் திருப்பினார். "நில்லுங்க" என்றார் பெத்தபெருமாள். "இது எதிர்ப்பக்கம். வலமாப் போங்க."

"அண்ணே, இப்படிப் போனா அரை கிலோமீட்டர். அப்படிப் போனா ரெண்டரை" என்றார் அப்பாவு பரிதாபமாக.

"பதினோரு வருஷம் நான் ஒரு நாளும்..."

முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைக்கிற பிலோமினாவுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. வண்டியின் கைப்பிடியைத் தானே பிடித்தார். "கண்ணை மூடிக்குங்க டாக்டர். எந்தப் பக்கம் போறோம்னு உங்களுக்குத் தெரியாது. சாமி கேட்டா பிலோமினான்னு சொல்லிடுங்க" என்று தள்ளத் தொடங்கினார்.

பெத்தபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கண்ணைத் திறந்தார். முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று என்று எண்கள் ஏறிக்கொண்டு வந்தன. நாற்பத்தாறு வரை அந்தக் கண்ணை அவர் மூடவே இல்லை.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆறு வாரம் வீட்டில் கிடந்தார். ஆம்புரோஸ் வாரம் இரண்டு முறை போய்ப் பார்த்தார். முதல் தடவையே டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, கடைவாயில் இரண்டு சொத்தை என்று கண்டுபிடித்தார். இருவருக்கும் அதற்குப் பிறகு பேச நிறைய இருந்தது. அந்த மாதம் கிளினிக்கில் ஆம்புரோஸின் இனிப்புநீர் எட்டுக்கு இறங்கியிருந்தது. முப்பத்தேழாம் நம்பர் தகரம் மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை.

இப்போது இருவரும் சேர்ந்தே நடக்கிறார்கள். ஒற்றைப்படைத் தேதிகளில் ஆம்புரோஸின் பக்கம், இரட்டைப்படைத் தேதிகளில் டாக்டரின் பக்கம் என்று உடன்பாடு. எழுதாத ஒப்பந்தம்தான். ஆனாலும் மாதம் முப்பத்தொன்றில் முடிந்தால் அடுத்த நாள் ஒன்றாம் தேதி. இரண்டு நாளும் தொடர்ந்து ஆம்புரோஸின் பக்கம். இது அநியாயம் என்று டாக்டர் முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். பெரிய வாக்குவாதம் நடந்தது. அதனால் முப்பத்தொன்றாம் தேதி யாரும் நடப்பதில்லை.

அன்றைக்கு ஆம்புரோஸ் வீட்டோரத்து லோங்காங் சாக்கடையைக் கழுவ வேண்டும் என்று பிலோமினா சொல்லிவிட்டார்.