பாபீன் ஏற்றுக்கொண்ட தப்பு

கணவனைக் கடலுக்குக் கொடுத்தவள், பள்ளிக்கூடம் பாராதவள், ஊரில் பாதிப்பேரின் பகையைச் சம்பாதித்தவள். அப்படியிருந்தும் பாபீன் தன் கரைத்துண்டைக் காப்பாற்றினாள். வழக்கைத் தன் ஐரிஷ் மொழியிலேயே கேட்க வைத்தாள். பகையாளி மிக்கிலின் வாயை அடைத்தாள். எதையும் அவளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஐரிஷ் பேசும் கடற்கரையான கான்மராவில் கடற்பாசிதான் கிழங்கு வயலுக்கு எரு. ஒவ்வொரு வீட்டுக்கும் கரையில் ஒரு துண்டு. அந்த மார்ச்சில் பாபீன் அறுத்துக் கட்டிய பாசித் தெப்பம் மிதந்துபோய் மிக்கிலின் துண்டில் ஒதுங்கியது. அப்படி ஒதுங்கினால், ஊர் வழக்கப்படி அந்த வீட்டுக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அந்த வீட்டோடு பேச்சு நின்று பல வருஷம். அவள் குரல் கொடுக்காமலே இழுத்துப் போனாள்.

மிக்கில் திருட்டு என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தான். திருட்டுப் பட்டம் விழுந்தால் ஊர் அவள் துண்டைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

காவலர் அவளை வரவழைத்து, ஆங்கிலத்தில் எழுதிய தாளை நீட்டினார். "கையெழுத்துக்குப் பதிலா ஒரு சிலுவைக் குறி போட்டுட்டுப் போம்மா. இதோட முடிஞ்சுரும்."

"என்னன்னு எழுதியிருக்கு?"

"நம்ம ஐரிஷ்ல சொன்னா கின்டாக். குற்றவாளின்னு."

"அது எனக்கு வேண்டாம். லாக்த்னு, வெறும் தப்புன்னு எழுதுங்க. கூப்பிடாம எடுத்தது தப்பு, அது என் மேல இருக்கு. பாசி என்னோடது."

வாசலில் நின்ற மிக்கில் சிரித்தான். "திருடிக்கு வார்த்தை வகைவகையா வேணுமாம்."

"எங்க எல்லைக்கல்லை நகர்த்தின உங்கப்பனுக்கு எந்த வார்த்தைன்னு சொல்லேன்."

"செத்தவரை இழுக்காத."

"கல்லு இன்னும் அங்கேதான இருக்கு."

குறி போடாமலே வெளியேறினாள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே ஐரிஷில்தான் பேசுவேன் என்று நின்றாள். நீதிபதிக்கும் அந்த மொழி தெரியும்.

"இந்தப் பாசியை நீ அறுத்தியா, மிக்கில்?"

"இல்லைங்க."

"யார் அறுத்தது?"

மிக்கில் தரையைப் பார்த்தான். "அவதான்."

திருட்டுக் குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடியானது. "கூப்பிடாம எடுத்தது?" என்றார் நீதிபதி.

பாபீன் மிக்கில் பக்கம் திரும்பினாள். "லாக்த் என் மேல இருக்கு. அதுக்கு மேல ஒரு பொட்டு கிடையாது."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சாகும்வரை இருவரும் பேசவில்லை.

அவள் சொன்னதை எழுத்தர் ஐரிஷிலேயே எழுதி, சிலுவைக் குறிக்கு இடம் காட்டினார். பாபீன் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, அண்ணன் கரியால் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பல வாரம் பழகிய தன் பெயரின் எழுத்துகளை, குறிக்குப் பதிலாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக இட்டாள். அன்று 1934 ஏப்ரல் 18.