ஏகாதசியில் வந்த கிறிஸ்துமஸ்

என் மாமனார் எங்கள் அம்மா வீட்டுக்குள் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது ஒரு கிறிஸ்துமஸ் அன்றுதான். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எங்கள் பக்கம் வந்ததே இல்லை. திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் சமைப்பவர். நாங்களோ வயல் வேலையை விட்டுக் கம்பெனி வேலைக்குப் போன கும்மிடிப்பூண்டி கிறிஸ்தவக் குடும்பம். பொங்கலுக்கு அந்த வீடு, கிறிஸ்துமஸுக்கு இந்த வீடு என்று மகனைத் தூக்கிக்கொண்டு அலைந்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு பண்டிகையாவது எல்லோரும் சேர்ந்து கொண்டாடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் முகம் சுளித்துத் திரும்பிப் போனால் இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார். அந்தப் பயம் காலையிலிருந்து என்னை விடவில்லை.

அம்மா என்னைவிட மோசம். கவிச்சி வாசம் இருக்கக் கூடாதென்று ஒரு வாரமாக மீன் வாங்கவில்லை. புதுப் பாத்திரத்தில், வெங்காயம் பூண்டு இல்லாமல் புளியோதரையும் சர்க்கரைப் பொங்கலும் செய்தாள். மடைப்பள்ளிக்காரருக்கே புளியோதரை போடும் துணிச்சல் அவளைத் தவிர யாருக்கு வரும்!

மாமனாரும் மாமியாரும் வந்தார்கள். நெற்றியில் திருமண், கையில் பழப்பை. சுவரில் சீரியல் பல்பு சுற்றிய இயேசு படத்தை அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். இலை போட்டோம். அம்மா புளியோதரையோடு குனிந்தபோது, அவர் இரண்டு கையாலும் இலையை மறைத்தார்.

"வேண்டாம்மா."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அப்பா, இன்னிக்கு ஏகாதசியா?"

ஏகாதசியன்று அவர்கள் அரிசியைத் தொடமாட்டார்கள். மறுநாள் காலை பாரணை செய்துதான் விரதம் முடிப்பார்கள். பார்த்துப் பார்த்துச் செய்த எங்களில் ஒருவரும் பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. ஷிப்டு மட்டுமே தெரிந்த என் வீட்டுக்காரரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"எங்களுக்கு இதெல்லாம் தெரியாது சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க" என்றபடி அம்மா கரண்டியைப் பாத்திரத்துக்குள் வைத்தாள். எல்லாம் போச்சு, அடுத்து செருப்பைத் தேடுவார் என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. "கூப்பிட்டப்பவே இன்னிக்கு ஏகாதசின்னு எனக்குத் தெரியும்மா. வரலைன்னா சாக்கு சொல்றேன்னு நெனச்சுடுவேளோன்னு பயந்துண்டுதான் வந்தேன். பழத்தைச் சாப்பிட்டுச் சமாளிச்சுடலாம்னு பார்த்தேன்" என்றார்.

பயந்தாராம். அவர்!

மாமியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். "உங்களுக்கு ஆட்சேபணை இல்லேன்னா இங்கேயே தங்கிப் பாரணை பண்ணிடறோம். அதுக்கு அகத்திக்கீரை மட்டும் கிடைக்குமா?"

"அய்ய, அவ்ளோதானா? பின்னாடி மரமே கீது. ஆட்டுக்குத்தான் ஒடிச்சிப் போட்டுக்கினு இருக்கோம்" என்றாள் அம்மா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மாமனார் சிரித்துவிட்டார். இப்போதெல்லாம் ஏகாதசி வந்தாலும் வராவிட்டாலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அகத்திக்கீரைதான்.

அந்த வருஷம், மறுநாள் காலை மாமியார் எங்கள் அடுப்படியில் சமைத்தார். அம்மாவைக் கீரை ஆயவிட்டார், அடுப்பைத் தொடவிடவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். எனக்குச் சுருக்கென்றது. மறுபடி எங்கே முட்டிக்கொள்ளுமோ என்று அடுப்படி வாசலிலேயே நின்றேன்.

இலையில் எல்லாம் பரிமாறியாயிற்று. மாமனார் சாப்பிடாமல் அம்மாவைப் பார்த்தார். "சாப்பிடறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவேளாமே, என் பையன் சொன்னான். நேத்து பண்ணலையே?"

அம்மா திடுக்கிட்டாள். "உங்களுக்கு சங்கடமா இருக்குமோன்னு..."

"பண்ணுங்கோ. அப்புறம் சாப்பிடறேன்."

சபையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல் அம்மாவுடையது. அன்று அது வெளியே வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. முந்தின நாளெல்லாம் பட்டினி கிடந்த மாமனார், அவள் ஆமென் சொல்லும்வரை இலையில் கைவைக்கவில்லை.